எல்லாம் என்றால் எதையெல்லாம் என்று கேள்

சாமி,

இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். கிணற்றில் பாதிக்குத்தான் தண்ணீர் நிற்கிறது. வெயில் தாங்காமல் கோழிகள் தீவனத்தைக் குறைத்துக்கொண்டன. முட்டையும் கொஞ்சம் குறைவு. மற்றபடி ஒரு குறையும் இல்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றிலிருந்து எனக்கு என் மருமகள் சுமதி நினைப்பாகவே இருக்கிறது.

மாதத்தில் பாதி நாள் அவளுக்கு உதிரப்போக்கு நிற்பதில்லை, ஆளே வெளுத்துவிட்டாள், டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார், நானும் சரி என்று சொல்லிவிட்டேன், அவள்தான் பயந்து அழுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். 'நீங்களும் அதே ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாகத்தானே இருக்கிறீர்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்கு நாலு வரி எழுதுங்கள்' என்று கேட்டிருக்கிறாய். நானும் எழுதத்தான் உட்கார்ந்தேன். 'அன்புள்ள சுமதிக்கு, பயப்படாதே' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் எழுதி ஒட்டிப் போட்டால் அது உண்மையும் ஆகாது. அதனால் அவளுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன். ஒரு தாய் மகனிடம் பேசுகிற பேச்சு இல்லை இது என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. உனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ கையெழுத்துப் போடப் போவது ஒரு பெண்ணின் உடம்பில். உனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

நீ நாமக்கல்லில் ஹைஸ்கூல் படித்தபோது கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினாய், நினைவிருக்கிறதா? பரிசளிப்புக்கு நான் வரவில்லை என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. 'எல்லார் அம்மாவும் வந்திருந்தாங்க, உனக்கு மட்டும் அப்படி என்ன வேல?' என்று கேட்டுவிட்டுப் பரிசாக வந்த எவர்சில்வர் கிண்ணத்தைக் கட்டிலின் மேல் வீசினாய். நான் கிளம்பித்தான் வந்தேன், சாமி. தலைக்குப் பூ வைத்து, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். மூன்று துணிகளை ஒன்றாக மடித்துக் கட்டியிருந்தேன். அதையும் மீறிக்கொண்டு வந்துவிட்டது. சீட்டை விட்டு எழுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், எழாவிட்டால் பள்ளிக்கூட வாசலில் உன் சிநேகிதர்கள் முன்னால் இறங்க வேண்டியிருக்கும். வழியில் ஒரு மோட்டார் ரூமில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், புடவையோடு வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சோளக்காட்டு வரப்பு வழியாக ஈரத்தோடு வீட்டுக்கு நடந்தேன். நீ கேட்டபோது இதை எப்படிச் சொல்வது? தலைவலி என்று சொன்னேன். அந்த நாட்களில் எனக்கு எல்லாமே தலைவலிதான். கல்யாணங்களுக்குப் போகாதது தலைவலி, கோயிலுக்கு வராதது தலைவலி. எப்போது பார்த்தாலும் அரக்கும் கருநீலமுமாகவே கட்டுகிறாயே என்று உன் சித்தி கேட்பாள். எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும் என்பேன்.

இதற்குப் பெரும்பாடு என்று பழைய பெயர் உண்டு. உன் தங்கை பிறந்த பிறகு ஆரம்பித்தது. அத்திப்பட்டைக் கஷாயம் குடித்தேன், வாழைப்பூவை இடித்துச் சாறு குடித்தேன். நாமக்கல் டாக்டர் மாத்திரை கொடுத்தார். சாப்பிடும்வரை கேட்டது, நிறுத்தினால் திரும்ப வந்தது. பிறகு மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையின் உள்பக்கத்தைச் சுரண்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம்போல நிம்மதியாக இருந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னை ஒரேயடியாக ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு படியாக ஏறி, வேறு வழியில்லை என்று ஆன பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்தேன். உன் கடிதத்தில் சுமதிக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை.

மறுபடியும் ஆரம்பித்தபோது முன்னைவிட மோசமாக இருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். நகமெல்லாம் தட்டையாகிவிட்டது. உன் அப்பா என்னைச் சேலத்துக்கு ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அந்த அம்மா என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்:

"பச்சரிசி திங்கறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாங்க. மடியிலயே வெச்சிருக்கறனுங்க."

"உடம்பு ரத்தம் கேக்குது, நீங்க அரிசி குடுக்கறீங்க," என்றார். என்னை அதட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு வெளியில் நின்றிருந்த உன் அப்பாவை உள்ளே கூப்பிட்டு, எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டார். உன் அப்பா சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு, "வயித்து வலிங்க, ரொம்ப நாளா இருக்குதுங்க," என்றார். மாடு கன்று போடும்போது தோள்வரைக்கும் கையை விட்டு இழுத்துப் போடுகிற மனிதர். பெண்டாட்டியின் உதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச நாக்கு எழவில்லை. நான் அவரைக் குறை சொல்லவில்லை, சாமி. ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ரத்தம் கொடுத்தால் ஆம்பளைக்கு அப்புறம் தெம்பே வராது என்று ஊரில் பேசிக்கொண்ட காலம். என்னுடன் பிறந்தவர்களே ஏதேதோ வேலை சொல்லி நழுவினார்கள். உன் அப்பா சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். அவர் ரத்தம்தான் இன்றுவரை என் உடம்பில் ஓடுகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. டாக்டர்கள் சிரிப்பார்கள், போகட்டும்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் லூர்து அக்கா இருந்தாள். உனக்குத் தெரியுமே, சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவாளே, அவள்தான். எங்கள் பழக்கம் அந்த வார்டில்தான் ஆரம்பித்தது. அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அவளுக்கும் என்னைப்போலவே போக்கு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். முந்தின நாள் டாக்டரம்மா கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது லூர்து அக்கா எழுந்து உட்கார்ந்து கேட்டாள்: "டாக்டர், கர்ப்பப்பைய மட்டும் எடுப்பீங்களா, முட்டைப்பையும் சேர்த்து எடுத்துடுவீங்களா?" அவர்கள் மாதா கோயிலைச் சேர்ந்த, நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு கன்னியாஸ்திரி கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தாராம். டாக்டரம்மா, "உள்ள பாக்கறேன். நல்லா இருந்துச்சுன்னா உங்களுக்கு விட்டுடறேன்," என்றார். எனக்குப் புடவையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம்போல இருந்தது. வார்டு முழுக்க ஆட்கள் இருக்கும்போது இப்படிக் கேட்கிறாளே, கொஞ்சம்கூட வெட்கமில்லாதவள் என்று நினைத்தேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, நீங்க பாத்துச் செஞ்சாப் போதுமுங்க," என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தாழ்வாரத்தில் உன் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தது கதவு வழியே தெரிந்தது. உன் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அடிவயிற்றில் கத்தி பட்ட வலி போக நாளாயிற்று. தண்ணீர்க்குடம் தூக்காமல், குனிந்து ஒரு வேலை செய்யாமல் மூன்று மாதம் இருந்தேன். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்த உனக்கு, வயிற்றில் ஒரு கட்டி, எடுத்துவிட்டோம் என்று மட்டும் எழுதினோம். எடுத்தது கர்ப்பப்பை என்று பிற்பாடுதான் உனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? மாதம் பிறந்தால் வயிற்றில் பயம் பிறக்கும் எனக்கு. அந்தப் பயமே போய்விட்டது. முகத்தில் நிறம் வந்தது. மடியில் அரிசி வைப்பது எப்போது நின்றது என்றே தெரியவில்லை. வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேருக்கு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போனேன். காலை முதல் மாலை வரை கூட்டத்தில் நின்றேன், ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் புடவையைப் பார்க்கவில்லை. கோழிப்பண்ணை போடலாம் என்று உன் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று துணிந்து சொன்னது அந்த உடம்புதான். பழைய உடம்பாக இருந்தால் ஒரு கொட்டகை வேலைக்குக்கூட நான் ஆகியிருக்க மாட்டேன். உனக்கும் உன் தங்கைக்கும் தாய் மிஞ்சியது அந்த ஆபரேஷனால்தான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நீ பார்த்து வைத்திருப்பது இந்தப் பாதியை. மறுபாதியை நீயும் பார்த்தாய், ஆனால் அது என்னவென்று உனக்குத் தெரியாது. தையல் காய்வதற்கு முன்பே நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பித் தலைக்கு ஏற ஆரம்பித்தது. மார்கழிக் குளிரில் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொள்ளும். வாசலில் போய் நிற்பேன், உள்ளே வந்தால் மறுபடியும் அனல். தூக்கம் இல்லாமல் போயிற்று. எதற்கென்று தெரியாமல் கோபம் வரும். லீவுக்கு நீ வந்தபோதெல்லாம் உன்மேல் எரிந்து விழுந்தேனே, 'ஹாஸ்டல்லயே இருந்திருக்கலாம்' என்று சொல்லிவிட்டு நீ ஒருமுறை முன்னாடியே கிளம்பிப் போனாயே, அது அந்த வருஷம். உடம்புக்குச் சூடு என்று இளநீர் கொடுத்தார்கள், காத்துக்கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். உன் அப்பாவோடு சேர்ந்திருப்பதும் வலியாகிப்போனது. அதை அவரிடம் சொல்லத் தெரியாமல் நான் தள்ளித் தள்ளிப் படுக்க, என்மேல் வெறுப்போ என்று அவர் ஒடுங்கிப்போனார். இருமினால், பலமாகச் சிரித்தால் சிறுநீர் கசியும், இப்போதும் உண்டு. இதையெல்லாம் பிள்ளைக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நீயும் ஒரு நாள் சுமதி உன்னை வெறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பாய்.

போன வருஷம் பண்ணையில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு உடைந்தது என்று உனக்கு எழுதினோம். நீயும் வந்து பார்த்துவிட்டுப் போனாய். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சின்ன வயசுக்காரர், நிதானமானவர். "இப்படி விழுந்ததுக்கு இது உடைஞ்சிருக்கக் கூடாதும்மா. உங்களுக்கு மாசாமாசம் வர்ற தூரம் நின்னது எந்த வயசுல?" என்றார். ஆபரேஷனைச் சொன்னேன். முட்டைப்பையை விட்டார்களா, எடுத்தார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். அனல் வந்ததா, எப்போது வந்தது என்று கேட்டுவிட்டு, அப்படியானால் எடுத்திருப்பார்கள் என்றார். கர்ப்பப்பை போனால் பிள்ளையும் தூரமும்தான் இல்லை, முட்டைப்பை போனால் எலும்புக்குக் காவலாக ஊறுகிற ஒன்றும் அன்றோடு நின்றுவிடும் என்று விளக்கினார். பிற்பாடு கேன்சர் வரக்கூடாது என்று அந்தக் காலத்தில் சேர்த்து எடுப்பது வழக்கம், தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் முப்பத்தாறு வயது என்பது ரொம்பச் சீக்கிரம் என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. முட்டையிடுகிற கோழிக்கு எலும்பு தேயும் என்று தெரிந்து, தினமும் தீவனத்தில் கிளிஞ்சல் கலந்து போடுகிறவள் நான். வீட்டில் கறக்கிற பாலைக் கடைசிச் சொட்டுவரை சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு நான் வறக்காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் கேட்டேன். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "ஏனுங்க, அன்னைக்குத் தாழ்வாரத்துல டாக்டரம்மா உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

அவர் தீவன மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். "எல்லாத்தையும் எடுத்தரலாமான்னு கேட்டாங்க புள்ள. பொறவால ஒரு தொந்தரவும் இருக்காதுன்னாங்க. செரிங்கன்னேன்."

"எல்லாம்னா என்னன்னு கேட்டீங்களா?"

"கேக்கிலியே," என்றார். "எல்லாம்னா உன்ர நோவு எல்லாம்னு நெனச்சுட்டேன்."

மறுநாளிலிருந்து காலையில் பால் கறந்ததும் என் டம்ளரை நிறைத்து வைத்துவிட்டுத்தான் கேனில் ஊற்றுகிறார். நான் குடித்துவிட்டேனா என்று வந்து பார்க்கிறார்.

முட்டைப்பையை விட்டுவிட்டால் எல்லாம் சுகம் என்று நீ எடுத்துக்கொண்டுவிடாதே. லூர்து அக்காவுக்கு விட்டார்கள். அவளுக்கு அனல் இல்லை, எலும்புக்கும் குறையில்லை. என்னைவிட மூத்தவள், இன்றும் மார்க்கெட்டிலிருந்து பை நிறையக் காய்கறி தூக்கிக்கொண்டு நடக்கிறாள். ஆனால் அவளுக்கு ஒரே பெண்தான். இன்னொரு பிள்ளைக்காக வருஷக்கணக்காகக் காத்திருந்தவள். ஆபரேஷனுக்குப் பிறகும் மாதம் ஒருமுறை மார்பு கனக்குமாம், இடுப்பு கடுக்குமாம், வரப்போகிறது என்று உடம்பு சொல்லுமாம், ஒன்றும் வராதாம். "மாசாமாசம் யாரோ வந்து கதவத் தட்டற மாதிரி இருக்கு தங்கச்சி. தொறந்தா ஆளே இல்ல," என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவள் வீட்டில் அதைக் கேட்க யாரும் இல்லை. நோய் போய்விட்டதே, இன்னும் எதற்கு அழுகை என்பார்களாம்.

போன மாசம் அவள் பெண்ணுக்கு நிச்சயம். நானும் சூரமங்கலத்துக்குப் போயிருந்தேன். விருந்தெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு சமையலறையில் நாங்கள் இருவரும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்: "ஏன் தங்கச்சி, மறுபடியும் அதே கட்டில்ல போய்ப் படுன்னா படுப்பியா?"

"நாளைக்கேன்னாலும் படுப்பேனுங்க அக்கா," என்றேன். யோசிக்கவே இல்லை. "எதை எடுப்பீங்க, எதை விடுவீங்கன்னு மட்டும் கேட்டுப்போட்டுப் படுப்பேன்."

அவள் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் படுக்க மாட்டேன்," என்றாள். "செத்திருந்தாலும் பரவால்லன்னு சில நாள் தோணும். இவ கல்யாணத்தப் பாக்கறேனேன்னு சில நாள் தோணும். ஆனா படுக்க மாட்டேன்." அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரே வார்டு, ஒரே நாள், அதே டாக்டர். எனக்கு ஒன்று, அவளுக்கு வேறொன்று. சுமதிக்கு எது என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் எதற்கு அழுகிறாள் என்று நீ கேட்டாயா? கத்திக்குப் பயந்து அழுகிறாள் என்று நீயாக எழுதியிருக்கிறாய். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இருக்கலாம். உனக்கு இனி நான் வேண்டுமா என்று இருக்கலாம். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தை புரியாமல் இருக்கலாம். அவள் வாயால் கேட்டுக்கொள். ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டியிருந்தால் அதை நான் கும்பிடுகிறேன். அதற்கு முன்னால் ரத்தம் ஊற மருந்தும், போக்கை நிறுத்த மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்களா, சுரண்டிப் பார்த்தார்களா, கர்ப்பப்பையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று கேள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எதை எடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள், விடமுடியாவிட்டால் பின்னால் அவள் என்ன செய்துகொள்ள வேண்டும் என்று கேள். இன்னொரு டாக்டரிடமும் காட்டு. முதலாமவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீ வெளியே நிற்காதே. காலண்டரைப் பார்க்காதே. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்.

நான் வெள்ளிக்கிழமை மேட்டூர் பஸ்ஸில் வருகிறேன். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இருவரும் சேர்ந்து சேலம் போய் இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவரை ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டாம். அவளுக்குத் தினமும் முருங்கைக்கீரை செய்துகொடு. நீயே ஆய்ந்து செய், அவளை நிற்க வைக்காதே.

இந்தக் கடிதத்தை அவளிடம் அப்படியே நீட்டிவிடாதே. பிள்ளைகள் தூங்கட்டும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீயே வாய்விட்டுப் படித்துக் காட்டு. நடுவில் வெட்கம் வந்தால் நிறுத்து. கொஞ்சம் தண்ணீர் குடி. மறுபடியும் விட்ட இடத்திலிருந்து படி.

உன் அம்மா